ஹவாய்க்குப் போகாத அண்ணன்

உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றவர் என்றால், அவரை யாரோ செலவு செய்து அனுப்பி வைப்பார்கள் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளாதவர்களின் நிலை வேறு. அவர்கள் பெரும்பாலும் சொந்தப் பணத்தைக் கட்டித்தான் உலக அரங்கில் கால் வைக்க முடியும். இதை என் அண்ணனின் கணக்குப் புத்தகம் எனக்குக் கற்றுத் தந்தது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி டிரையத்லான். அதன் நீண்ட வடிவமான அயர்ன்மேனில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். 1978இல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேருடன் தொடங்கிய இப்போட்டி, 1981இல் கோனாவுக்கு மாறியது. அங்கே ஓடுவது இத்துறையினரின் வாழ்நாள் கனவு.

அண்ணன் சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை டெக்னீஷியன். மாதச் சம்பளம் 3,200 வெள்ளி. அதிகாலையில் பொது நீச்சல் குளம், ஞாயிறுதோறும் குனோங் ஜெராய் பக்கம் சைக்கிள் என்று ஆறு ஆண்டுகள் பயிற்சி செய்தார். பழைய சைக்கிளை 6,500 வெள்ளிக்கு வாங்கினார். டயர், காலணி, நுழைவுக் கட்டணம் எல்லாம் அவர் ஓவர்டைம் பணம். அந்த ஞாயிறுகளில் இரண்டு பிள்ளைகளையும் தனியே பார்த்துக்கொண்ட அண்ணியின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

2023 நவம்பரில் லங்காவியில் தம் வயதுப் பிரிவில் நான்காவதாக வந்தார். அப்பிரிவுக்குக் கோனா இடங்கள் இரண்டுதான். மறுநாள் பெயர்களை வரிசையாக அழைத்தார்கள். வேண்டும் என்பவர் அங்கேயே பணம் கட்ட வேண்டியிருந்தது; வேண்டாம் என்றால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போனது. முதலாமவர் ஏற்றார். இரண்டாமவரும் மூன்றாமவரும் மறுத்தார்கள். அண்ணன் பெயர் ஒலித்தது.

முந்தைய இரவே நாங்கள் இருவரும் கணக்குப் போட்டிருந்தோம். ஒரு டாலர் அப்போது ஏறக்குறைய 4 வெள்ளி 70 சென். நுழைவுக் கட்டணம் மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல். அமெரிக்க விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர். விமானம், சைக்கிள் பெட்டிக்குத் தனிக் கட்டணம், ஒரு வாரத் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்ந்து 24,000 வெள்ளியைத் தொட்டது. வங்கியில் இருந்ததோ வீட்டு முன்பணத்துக்காகச் சேர்த்த 22,000 வெள்ளி. “போயிட்டு வாங்க, வீடு அடுத்த வருசம் பாத்துக்கலாம்,” என்றார் அண்ணி. அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

அண்ணன் எழுந்து நின்று, தலையை அசைத்து, மறுத்துவிட்டார். ஐந்தாவதாக வந்தவர் துள்ளிக் குதித்து மேடைக்கு ஓடினார். அவருக்கு முதலில் கைதட்டியவர் அண்ணன்தான்.

இதில் யாரையும் குறை கூற எனக்கு மனமில்லை. ஐந்தாமவரும் உழைத்தவரே. ஆனால் உலகப் போட்டியின் முடிவுப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அது உலகின் சிறந்தவர்களின் பட்டியல் அல்ல. சிறந்தவர்களுள் போக முடிந்தவர்களின் பட்டியல். வேகத்துக்குக் கடிகாரம் இருக்கிறது. பெயர் அழைக்கப்பட்டதும் “சரி” என்று சொல்ல முடியாதவர்களை எண்ண எந்தக் கருவியும் இல்லை.

2024 அக்டோபரில் கோனாவில் ஆண்கள் போட்டி நடந்தது. புதிய வீட்டுக் கூடத்தில் நள்ளிரவு தாண்டி நேரலை ஓடியது. காலை எட்டு மணிவாக்கில் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே 7 மணி 35 நிமிடத்தில் வென்றார். அவருக்குப் பரிசு 125,000 டாலர். வயதுப் பிரிவினருக்குப் பரிசுப் பணம் கிடையாது.

“வருத்தமா இருக்காண்ணே?” என்று கேட்டேன்.

“கால் தகுதி வாங்கிருச்சு தம்பி. பைக்குத்தான் இன்னும் பயிற்சி பத்தல,” என்றார். பிறகு, அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால், சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார்.