ஹெர்பிஸ் வந்தால் வேர்க்கடலைச் சட்னியை நிறுத்தணுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

1) "டாக்டர், எனக்கு ஹெர்பிஸ் இருக்கு. வேர்க்கடலை, தேங்காய், சாக்லேட் எல்லாம் நிறுத்திட்டா திரும்ப வராதாமே? லைசின் மாத்திரை வாங்கட்டுமா?" இன்பாக்ஸில் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பெரும்பாலும் சொந்தப் பெயர் இல்லாத கணக்கில் இருந்துதான் வரும். எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

2) முதலில் நோய் என்னன்னு பார்த்துடலாம். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டில் கொப்புளம் கொடுக்கும். காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொத்தாக வருமே, "ராத்திரி ஏதோ பூச்சி ஊர்ந்துருச்சு", "உடம்பு சூடு" என்று சொல்லி விட்டுவிடுவோமே, அது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது வகை பிறப்புறுப்புப் பகுதியில் வருவது. முதல் வகையும் அங்கே வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேருக்கு முதல் வகை இருக்கிறது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இரண்டாவது வகை. பலருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது.

3) நம் ஊரில் அக்கி என்று சொல்லி, காவி குழைத்து எழுதுவார்களே, அது வேறு. அது சின்னம்மை வைரஸ் பல வருடம் கழித்து மறுபடி தலைதூக்குவது. குடும்பம் ஒன்று, ஆள் வேறு.

4) ஹெர்பிஸ் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? புண் ஆறினாலும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு வழியே ஏறிப்போய் நரம்பு முடிச்சுகளில் படுத்துக்கொள்ளும். உதட்டு ஹெர்பிஸ் என்றால் முகத்து நரம்பின் முடிச்சில், கீழே வருவது என்றால் முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள முடிச்சுகளில். காய்ச்சல், கடும் வெயில், மன அழுத்தம், மாதவிடாய், உடல் எதிர்ப்பு சக்தி குறைவது, இப்படி ஏதாவது ஒன்று அதை எழுப்பிவிடும். சில நேரம் காரணமே தெரியாது.

5) சரி, இதில் வேர்க்கடலை எங்கிருந்து வந்தது? 1964-ல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனை. மனித செல்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, அதில் இந்த வைரஸை விட்டுப் பார்த்தார்கள். அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இல்லாவிட்டால் வைரஸ் பெருக முடியவில்லை. லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அர்ஜினைனோடு போட்டி போடும். செல்லுக்குள் நுழைய இரண்டுக்கும் ஒரே வாசல்தான். "அப்படின்னா அர்ஜினைனைக் குறைச்சு லைசினைக் கூட்டினா வைரஸ் பட்டினி கிடக்குமே!" கணக்கு இப்படித்தான் ஆரம்பித்தது.

6) யோசனை தப்பில்லை. பரிசோதித்தும் பார்த்தார்கள். 1978-ல் 45 நோயாளிகளுக்கு லைசின் கொடுத்து நல்ல பலன் என்று எழுதினார்கள். ஆனால் மாத்திரை எடுக்காத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. பிறகு போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த சிறிய ஆய்வுகளில் ஒன்று பலன் உண்டு என்றது, இன்னொன்று இல்லை என்றது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2015 காக்ரேன் தொகுப்பாய்வு, உதட்டு ஹெர்பிஸ் திரும்ப வராமல் தடுக்க லைசின் உதவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

7) பாத்திரத்தில் நடந்தது உடம்பில் ஏன் நடக்கவில்லை? பாத்திரத்தில் நாம் ஊற்றியதுதான் இருக்கும். உடம்பு அப்படி இல்லை. அர்ஜினைனை உடம்பே தயாரித்துக்கொள்ளும், முக்கியமாக சிறுநீரகத்தில். நீங்கள் வாரக்கணக்கில் வேர்க்கடலையைத் தொடாமல் இருந்தாலும், வைரஸ் இருக்கும் செல்லுக்கு அர்ஜினைன் போய்க்கொண்டுதான் இருக்கும்.

8) இன்னொரு கணக்கையும் பாருங்க. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் சுமார் 0.9 கிராம் அர்ஜினைன். "இதைச் சாப்பிடு" என்று அட்டவணைகள் சொல்லும் கோழிக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்த நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 2 கிராம் அர்ஜினைன்! லைசின் அதைவிட அதிகம், சுமார் 2.6 கிராம். அதனால் "விகிதம்" நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் உள்ளே போன அர்ஜினைன் கடலையைவிட இரண்டு மடங்கு.

9) சிலர் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் கூட நிறுத்திவிடுகிறார்கள். அமினோ அமிலம் புரதத்தில் இருப்பது. எண்ணெயில் புரதமே கிடையாது. தாளிப்பதை நிறுத்த எந்தக் காரணமும் இல்லைங்க.

10) "சாப்பாடுதானே டாக்டர், மாத்திப் பார்த்தா என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கு. கறி, மீன் தினமும் வாங்க முடியாத வீட்டில் வேர்க்கடலை, எள்ளுருண்டை, கடலை மிட்டாய்தான் மலிவான புரதம். அதையும் நிறுத்தி, ரசம் சோற்றோடு முடித்துக்கொண்டால் கிடைப்பது என்ன? அரிசியில் குறைவாக இருக்கும் அமினோ அமிலமே லைசின்தான். லைசினைக் கூட்டப் போய் லைசினையே குறைத்துக்கொள்கிறோம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்குத் தேவையான லைசின் சுமார் 1.8 கிராம். பருப்பு, தயிர், முட்டை, மீன் முறையாகச் சாப்பிட்டாலே அது கிடைத்துவிடும்.

11) ஆனால் "எனக்குக் கேட்டுச்சு டாக்டர்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கொப்புளம் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் ஆறிவிடும். பிறப்புறுப்பு ஹெர்பிஸ் முதல் வருடம் அடிக்கடி வந்து, போகப் போகக் குறையும். மோசமாக இருக்கும்போதுதான் பத்தியம் ஆரம்பிப்போம். அதன் பிறகு குறைந்தால் பெயர் பத்தியத்துக்குப் போகும்.

12) மறுபடி வந்துவிட்டால்? பழி நம் மேல் விழும். "முந்தாநாள் கல்யாண வீட்டில் தேங்காய்ச் சட்னி சாப்பிட்டேனே, அதான்." நம் சமையலில் தேங்காயோ கடலையோ எள்ளோ இல்லாத நாள் எது சொல்லுங்க? தேடினால் எப்போதும் ஒரு சட்னி கிடைக்கும். புண்ணின் வலி போதாதென்று, தட்டைப் பார்த்துக் குற்ற உணர்ச்சி வேறு.

13) இந்தப் பத்தியம் இவ்வளவு பிடித்துப்போக என்ன காரணம் என்று யோசித்திருக்கிறேன். யாரிடமும் வாய் திறக்காமல் செய்துகொள்ளலாம். டாக்டரிடம் காட்ட வேண்டாம், மருந்துக்கடையில் பெயர் சொல்ல வேண்டாம், கணவனிடமோ மனைவியிடமோ பேச வேண்டாம். அந்தக் கூச்சம் எனக்குப் புரியுது. ஆனால் உண்மையில் வேலை செய்யும் சிகிச்சைக்கு வாயைத் திறந்துதான் ஆகணும்.

14) அசைக்ளோவிர். இந்த மருந்துக்கு வழிவகுத்த ஆய்வுக் குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வைரஸ் புகுந்த செல்லில், வைரஸின் சொந்த நொதிதான் இந்த மருந்தை வேலை செய்ய வைக்கும். அதனால் நல்ல செல்களுக்குப் பாதிப்பு குறைவு. இதன் தம்பிதான் வாலாசைக்ளோவிர். குறுகுறுப்பு, எரிச்சல் ஆரம்பிக்கும் அன்றே தொடங்கினால்தான் முழுப் பலன். அடிக்கடி வருபவர்களுக்கு, தினமும் எடுக்கும் தடுப்பு முறையில் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வரும் தடவைகள் 70 முதல் 80 சதவீதம் குறையும். 2004-ல் வெளியான 1,484 தம்பதிகள் பங்கேற்ற ஆய்வில், தினமும் வாலாசைக்ளோவிர் எடுத்தபோது இரண்டாவது வகை ஹெர்பிஸ் துணைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அளவு மாறும். நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

15) கடையில் "அரிப்புக்கு" என்று கேட்டு வாங்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஹெர்பிஸ் மேல் அதைத் தடவினால் புண் பரவலாம்.

16) உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்: கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால். கர்ப்பிணியாக இருந்தால். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இதை மறைக்கவே கூடாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதல்முறையாகத் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து அதிகம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எச்ஐவி உள்ளவர்களும் தள்ளிப்போடாதீங்க. உதட்டில் கொப்புளம் இருக்கும்போது பச்சைக் குழந்தைக்கு முத்தம் வேண்டவே வேண்டாம், பாட்டியாக இருந்தாலும்.

17) கடைசியா, யாரும் சத்தமாகக் கேட்காத கேள்வி. "இது வந்திருக்குன்னா, அவர் என்னை ஏமாத்திட்டாரா?" வைரஸ் உள்ளே நுழைந்து பல வருடம் கழித்தும் முதல் கொப்புளம் வரலாம். சிறுவயதில் தொற்றிய உதட்டு ஹெர்பிஸ் வாய்வழி உறவில் கீழே தொற்றலாம். யாரிடமிருந்து, எப்போது என்று ஒரு கொப்புளத்தை வைத்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. இதை வைத்து வீட்டில் சண்டை போடும் முன் இருவரும் சேர்ந்து ஒரு டாக்டரைப் பாருங்கள். புதுப் புண்ணில் இருந்து மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர் பரிசோதனை நோயை உறுதி செய்யும். புண் அல்லது குறுகுறுப்பு இருக்கும் நாட்களில் உறவைத் தவிர்க்கவும். மற்ற நாட்களில் ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுவதும் தடுக்காது.

18) லைசின் மாத்திரை ஆசையை விட முடியவில்லை என்றால், உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். தினமும் 1 கிராமுக்குக் குறைவாக எடுத்தால் பலன் தெரியவில்லை என்பதே ஆய்வுகளின் நிலை. அதிகம் எடுத்தால் வயிற்றைக் கலக்கும். சிறுநீரக நோயாளிகளுக்கு வேண்டாம்.

19) அதைவிடப் பலன் தருவது ஒரு நோட்டு. ஒவ்வொரு முறை வரும்போதும் தேதி, அதற்கு முந்தைய மூன்று நாள் தூக்கம், வெயில், காய்ச்சல், மாதவிடாய், சாப்பாடு எல்லாம் எழுதுங்கள். வெயில்தான் காரணம் என்று தெரிந்தால் குடையும் உதட்டுக்கு சன்ஸ்கிரீனும். ஆறு மாத நோட்டைக் கொண்டு வாங்க, தடுப்பு மருந்து வேண்டுமா இல்லையா என்று உங்கள் டாக்டர் சுலபமாக முடிவு செய்வார்.

அதுவரை இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி தாராளமாகத் தொட்டுக்கலாம். கேள்வி இருந்தால் கேளுங்கள், பெயர் சொல்லாமலே கேட்கலாம். பதில் சொல்கிறேன்.