மானியம் யார் வீட்டு மாடிக்கு?

78,000 ரூபாய் அரசாங்கமே தருகிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில், வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் கிடைக்கும் மானியம் அது. நாடு முழுக்க 1 கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய் செலவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் திண்டிவனம் பக்கம் ஒரு சாதாரண கிராமத்து வீட்டை வைத்துக் கணக்குப் போட்டால் இடிக்கிறது. தமிழ்நாட்டில் 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட் ஓடினாலே பில் முந்நூறைத் தாண்டாது. அந்த முந்நூறை மிச்சம் பிடிக்க, முதலில் கைக்காசோ வங்கிக் கடனோ போட வேண்டும். மானியம் வேலை முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும். ஆக, லாபம் ஏ.சி. ஓடும் வீட்டுக்கு. அதுவும் சொந்த மாடி இருந்தால்! கூரை வீட்டுக்காரரும், விழுப்புரத்தில் வாடகைக்கு இருப்பவரும் ஆரம்பத்திலேயே அவுட்.

இன்னொன்றும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் பல ஊர்கள் இருட்டில் கிடந்தன. பாட்டரி இல்லாத சோலார் அந்த நேரத்தில் உதவாது. கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதால், லைனில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். (விற்க வருபவர்கள் இதை எத்தனை பேரிடம் சொல்கிறார்களோ!)

இதற்கு முன்பு ஏழைகளை நினைத்தே வந்த திட்டம் 2011-ன் பசுமை வீடுகள். 300 சதுர அடி வீடு, 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 சோலார் விளக்குகளுக்கு. பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போனது. ஆனால் பாட்டரி என்பது சில வருடங்களில் மாற்ற வேண்டிய பொருள். கூலி வேலைக்குப் போகிறவர் அதற்கு எங்கே போவார்?

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-ல் சொந்தமாக ஒரு காற்றாலையே வாங்கியது. 350 கிலோவாட், விலை 1.55 கோடி. ஊராட்சி சேமிப்பு 40 லட்சம் போக மீதி வங்கிக் கடன். தலைவராக இருந்த சண்முகம் முன்னின்று செய்த காரியம். காற்றாலை ஊருக்குள் கூட இல்லை, உடுமலை பக்கம் நிற்கிறது. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் செலவு போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கே விற்றார்கள், அந்த வருமானத்தில் கடனையும் அடைத்தார்கள். மாடி வீடு, கூரை வீடு என்று எந்த வித்தியாசமும் அதில் இல்லை.

மயிலம், வானூர் பக்கத்து ஊராட்சிகளுக்கும் தெருவிளக்கும் மோட்டாரும் இருக்கின்றன. பில்லும் வந்துகொண்டுதான் இருக்கிறது.