வண்டியேறி வரும் எறும்பு

25 ஆகஸ்ட் 2022, வியாழன்

நத்தத்திலிருந்து மைத்துனர் பேசினார். கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் எறும்பு பெருகிவிட்டதைப் பேப்பரில் பார்த்திருந்தேன். அவர் சொல்லக் கேட்டபோது வயிறு கலங்கிவிட்டது. ஆடுமாடுகளின் கண்ணில் மொய்க்கிறதாம். மலையோரம் மாடு கட்டியிருந்தவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்களாம். இந்த எறும்பு கடிக்காது, கொட்டாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றது இதே இனம்தான்.

27 ஆகஸ்ட், சனி

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை. லாரிகளில் ஆட்டோடு தழைக்கட்டும் இறங்குகிறது. வியாபாரி ஒருவரிடம் எறும்பு பற்றிச் சொன்னேன்.

“அம்புட்டுத் தூரம் அது நடந்தா வரப்போவுது, அண்ணாச்சி?”

விஷயமே அதுதான். இதன் ராணி பெரும்பாலும் பறந்துபோய்க் கூடு வைப்பதில்லை. வேலைக்கார எறும்புகளோடு நடந்து, பக்கத்திலேயே தனிக்குடித்தனம் போகும். நடந்து எங்கள் கரிசல் மண்ணுக்கு வந்து சேர எத்தனையோ வருஷம் ஆகும். தழை, விறகு, நாற்று மண் என்று நாம் ஏற்றிவந்தால் ஒரு ராத்திரி போதும்.

28 ஆகஸ்ட், ஞாயிறு

சாயங்காலம் வேம்படியில் ஊர் கூடியது. “ஊரோட மருந்து அடிச்சிருவோம்” என்றார் ஒருவர். நம்ம ஊர் எறும்புதான் முதலில் சாகும், காலியான இடம் வருகிறவனுக்கு வசதியாகிவிடும் என்றேன்.

அது ஊருக்குள் வந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு தாளில் கடலைமிட்டாய்த் துண்டும் கருவாடும் வைத்தோம். பிள்ளைகள் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள். முதலில் சிற்றெறும்பு சாரை கட்டியது, பிறகு இரண்டு கட்டெறும்பு. மஞ்சள்பழுப்பு நிறம், நெட்டைக் கால், தாறுமாறான ஓட்டம்: அப்படி ஒன்றும் இல்லை.

“பருத்தியில மாவுப்பூச்சி இருந்தா எறும்பு காவல் நிக்கும். அந்தப் பய வந்தா வெள்ளாமை என்னாகும்?” என்றார் பெரியம்மா. அதன்பிறகு யாரும் எழுந்து போகவில்லை.

பசிபிக்கின் ஜான்ஸ்டன் தீவில் 2010இல் கண்ட இந்த எறும்பை, தன்னார்வலர்கள் முறைவைத்துத் தங்கி 2021இல் அடியோடு ஒழித்ததைச் சொன்னேன். பேசி முடிவானது: வெளியூர்த் தழையை ஊர் எல்லையிலேயே உதறிப் பார்ப்பது, மாதம் ஒருநாள் தாள் வைப்பது, சந்தேகப்பட்டால் பாட்டிலில் பிடித்துக் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுவது.

கலையும்போது ஒரு பையன் தாளைக் கசக்கப் போனான். பெரியம்மா வாங்கி, வேப்பமரத்தூரில் மெல்ல உதறினார்.

“நம்மளுக்குக் காவல் நிக்கிறதும் இதுகதாம்லே.”