மாட்டுக்கு மானியம், பட்டிக்கு நிலம்?



நான்காம் ஆண்டு மாணவர்களை 'என் தந்தையின் தொழில்' எனும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். தன் தந்தை பதினான்கு கறவை மாடுகள் வளர்ப்பதையும், விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து பால் கறப்பதையும் ஒரு மாணவன் அழகாக எழுதியிருந்தான். இறுதி வரியைப் படித்ததும் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "அடுத்த ஆண்டு எங்கள் மாடுகள் எங்கே இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாது."

அரசாங்க உதவிக்கான மனுப் பாரத்தைப் பூர்த்தி செய்து தருமாறு அத்தந்தை கேட்டிருந்ததால், அவ்வாரக் கடைசியில் அவர்கள் இல்லம் சென்றேன். பெயர், மாடுகளின் எண்ணிக்கை, நாளொன்றுக்குக் கறக்கும் பாலின் அளவு ஆகியவற்றைத் தடையின்றி நிரப்பினோம். நில உரிமை எனும் கட்டம் வந்ததும் அவர் மௌனமானார்.

"மாடு இருக்கு டீச்சர், பாலும் இருக்கு. நிலந்தான் நம்மளோடது இல்ல."

நம் முன்னோர் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய நேரம் போக, மாடு வளர்த்துப் பால் விற்றனர். இந்தியாவிலிருந்து வந்த அம்மாட்டினம் இன்றும் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே வகைப்படுத்தப்படுகிறது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது மேய்ச்சல் நிலமும் மறைந்தது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது முறையன்று. பால் சேகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ப்ரீசியன், சாகிவால் இனங்களைக் கலந்து 'மாஃப்ரிவால்' உருவாக்கப்பட்டது. 'பாவா' திட்டத்தில் மாட்டைப் பெறுபவர் பின்னர் அதன் கன்றைத் திருப்பித் தந்தால் போதும். 1983-இல் பள்ளிப் பால் திட்டமும் தொடங்கியது.

ஆனால், இவ்வுதவிகள் யாவும் கால் ஊன்ற நிலம் வேண்டாமா? சிறு வளர்ப்பாளர் பலர் நம்பியிருப்பது தற்காலிக நில உரிமத்தையே, டி.ஓ.எல். என்பார்கள். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, அது எந்த மாதத்தில் வழங்கப்பட்டாலும் அவ்வாண்டு டிசம்பர் 31-க்கு மேல் செல்லாது. மீண்டும் மனுச் செய்யலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஒரு கிடாரிக் கன்று வளர்ந்து, ஈன்று, பால் தருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். ஓராண்டு உரிமத்தை நம்பி எவர் சிமெண்டுக் கொட்டகை கட்டுவார்? எவர் தீவனப் புல் பயிரிடுவார்?

புல்லில்லாதவர் தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். நம் நாட்டுச் செம்பனைப் புண்ணாக்கோ நியூசிலாந்துப் பசுக்களுக்காகக் கப்பலேறுகிறது. அங்கிருந்து பால்மாவு நம் கடைகளுக்கு வருகிறது!

மாடு வழங்குவதற்கு முன், மாட்டுப் பட்டிக்கு நீண்டகாலக் குத்தகையில் சிறிது நிலம் வழங்க வேண்டும். கால்நடைத் துறையும் நில அலுவலகமும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினால் இஃது இயலாத காரியமன்று. நிலமின்றித் தரும் மானியம் ஓட்டைச் செம்பில் கறந்த பாலைப் போன்றதே.

அந்தக் கட்டத்தில் 'ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உரிமம்' என்று உண்மையையே எழுதினோம். பாரம் அனுப்பப்பட்டுவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.

மாணவனின் கட்டுரைக்கு நல்ல புள்ளிகள் வழங்கினேன். அவனுடைய கடைசி வரியில் திருத்துவதற்குப் பிழை ஏதுமில்லை. திருத்த வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது.

சிந்திப்போம்.