கேட் கத்தினால்

மைசூருவில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு வருடம் ஃப்ளோர் இன்சார்ஜ். அந்த வருடங்களில் ஒரு சாயங்காலம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

தசராவுக்கு முந்தைய வாரம். நஞ்சன்கூடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, கூடப் பத்து வயதுப் பெண். இரண்டு சுடிதார், ஒரு சட்டை. பில் போட்டு, பணம் கட்டி, வாசலில் காலை வைத்ததும் அங்கிருந்த திருட்டுத் தடுப்பு கேட் கத்தியது. காவலுக்கு நின்ற பையன் அவர் கையிலிருந்த பையைப் பிடித்து இழுத்தான். கடை கொள்ளாத கூட்டம். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கியது. பையைக் கொட்டினால், சட்டையின் உள்தையலில் டேக் இருந்தது. பில்லில் சட்டையும் இருந்தது. கவுண்டரில் எங்கள் ஆள் அவசரத்தில் கழற்ற மறந்திருக்கிறான்.

“தப்பாயித்து அம்மா, க்ஷமிசி” என்று ஓடிப்போய்க் கைகூப்பினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துணிகளை மேஜை மேல் வைத்தார். பணத்தைக்கூடத் திருப்பிக் கேட்காமல் மகளை அழைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். கல்லாவிலிருந்து பணத்தை வாங்கிக்கொண்டு சயாஜி ராவ் சாலை வரை ஓடினேன். தசரா விளக்கு பார்க்க வந்த கூட்டத்தில் அவரைக் காணோம்.

அன்றைக்குத் தப்பு செய்தவர்கள் நாங்கள். ஊர் பார்க்கத் தலைகுனிந்தது அவர்.

அதுவரை அந்த கேட்டை நான் ஒரு சாமானாகக்கூட நினைத்ததில்லை. மாட்டிவிட்டார்கள், அது பாட்டுக்கு நிற்கிறது என்று இருந்தேன். பிறகுதான் சர்வீஸுக்கு வரும் தம்பியை உட்கார வைத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். வீணை சேஷண்ணா வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு அதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. வீணையில் ஒரு தந்தியை மீட்டினால், அதே சுருதியில் இருக்கும் இன்னொரு தந்தி தொடாமலே அதிரும். எங்கள் கடை கேட்டும் அப்படித்தான். நொடிக்கு 58,000 அதிர்வு என்ற சுருதியில் சின்னச் சின்னத் துடிப்புகளாக அது அலையை அனுப்புகிறது. டேக்குக்குள் இருக்கும் மெல்லிய உலோகப் பட்டை அதற்கு இசைந்து அதிர்கிறது. துடிப்பு நின்ற பிறகும், அடித்த கோயில் மணிபோலக் கொஞ்ச நேரம் அதன் அதிர்வு ஓயாது. அந்த இடைவெளி மௌனத்தில் கேட் காது கொடுத்துக் கேட்கிறது. பட்டையின் ஒலி விழுந்தால் கத்துகிறது. வேறொரு வகை கேட்டும் உண்டு. அதற்குச் சுருதி நொடிக்கு 82 லட்சம் அதிர்வு. டேக்கில் இருப்பது சுருள்கம்பி. எந்த வகையானாலும் கேட்டுக்குத் தெரிவது ஒன்றுதான்: உயிருள்ள டேக் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அதைச் சுமந்து போகிறவர் திருடினாரா, பணம் கட்டினாரா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது அங்கே நிற்கும் மனிதன்.

இந்தக் கருவி பிறந்ததே திருடனைத் துரத்திய ஆத்திரத்தில்தான். 1960களில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு மளிகைக் கடைக்கு மேனேஜராக இருந்தவர் ரொனால்ட் அசாஃப். இரண்டு புட்டி ஒயினைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருவனைத் துரத்திப் பிடிக்க முடியாமல் திரும்பியிருக்கிறார். அந்த வயிற்றெரிச்சலில் தொடங்கிய யோசனை சென்சர்மேட்டிக் என்ற கம்பெனியாக வளர்ந்தது. அவர் ஆத்திரம் நியாயமானது. சரக்கு காணாமல் போனால் முதலாளி முகம் சுளிப்பதும், பழி சேல்ஸ் பையன் தலையில் விழுவதும் எனக்குத் தெரியும். ஆனால் என் அனுபவத்தில் அந்த கேட் நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பணம் கட்டியவர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது டேக் என்ற பேச்சே கிடையாது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. வாடிக்கையாளர் எதிரே உட்காருவார். நாங்கள் ஒவ்வொரு புடவையாக விரித்துக் காட்டி, மடித்து எடுத்து வைப்போம். மைசூர் பட்டு இந்த ஊரில் நெசவாகத் தொடங்கியது 1912இல், மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில். அந்தப் பட்டின் மென்மை தெரிந்தவன் அதில் டேக்கின் ஊசியை ஏற்றத் துணியமாட்டான். ஒரு பின் குத்தினால் இழை விலகி ஓட்டை தெரியும். ஆகவே பட்டுக்குக் காவல் எதிரே உட்கார்ந்திருந்தவனின் கண்ணும் பேச்சும்தான். “அக்கா, போன ஆடிக்கு எடுத்தீங்களே மாம்பழக் கலர், எப்படி இருக்கு?” என்று கேட்கும் இடத்தில் திருட்டுக்கு மனசு வராது. பிறகு ரெடிமேட் வந்தது. துணியை ஸ்டாண்டில் தொங்கவிட்டு, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். பேச்சு குறைந்த இடத்தில் டேக் ஏறியது. அதைக் குறை சொல்லவில்லை. அத்தனை கூட்டத்துக்கு அத்தனை ஆள் போட முடியாது. ஆனால் கண்ணையும் பேச்சையும் கருவியிடம் ஒப்படைத்தவர்கள், அந்தக் கருவியையாவது ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

நாங்கள் வைத்திருக்கவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. தள்ளுபடிச் சட்டை ஸ்டாண்டை, வருகிறவர் கண்ணில் படட்டும் என்று கேட்டுக்கு ஒரு முழ தூரத்தில் வைத்திருந்தோம். அதிலிருந்த டேக்குகளால் கேட் காரணமில்லாமல் கத்தும். தொந்தரவு தாங்காமல் காவல் பையன் சத்தத்தைக் குறைத்துவிடுவான். தசராவுக்கு வாசலில் கட்டிய சீரியல் விளக்குகளின் மலிவான அடாப்டர்கள் மின்னிரைச்சலைக் கிளப்பின. அந்த இரைச்சலில் கேட் சில நேரம் சும்மா கத்தும், சில நேரம் செவிடாகிவிடும். தரையோடு போகும் வயர் இணைப்பில் துடைக்கிற தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. லிஃப்ட் ஓடும் லைனிலிருந்தே கேட்டுக்கும் கரண்ட் கொடுத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் மாற்றினோம். டேக் போட்ட சரக்கையும் இரும்பு ஸ்டாண்டுகளையும் கேட்டிலிருந்து நான்கடி தள்ளி நிறுத்தினோம். விளக்குக்கு வேறு லைன், கேட்டுக்குத் தனி லைன். காலையில் கடை திறந்ததும் ஒருவர் டேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டைக் கடப்பார். தோள் உயரம், இடுப்பு உயரம், கணுக்கால் உயரம் என்று மூன்று தடவை. படுக்கவைத்து, நிறுத்திவைத்து, திருப்பிவைத்து. ஐந்து நிமிட வேலை. பிறகு கவுண்டர். ஸ்டிக்கர் டேக்கைச் செயலிழக்கச் செய்யும் பலகை உயிரோடு இருக்கிறதா என்று ஒரு ஸ்டிக்கரைத் தேய்த்து, கேட்டருகே கொண்டுபோய்ச் சோதிப்போம். நாலு துணியை அடுக்காக வைத்து ஒரே இழுப்பாக இழுத்தால் அடியில் இருப்பது செத்துவிடும், மேலே இருப்பது உயிரோடு போகும். ஒவ்வொன்றாகத்தான் தேய்க்க வேண்டும். பின் வைத்த கெட்டி டேக் அந்தப் பலகைக்கு மசியாது. காந்தத்தில் வைத்துக் கழற்றினால்தான் உண்டு. அதனால் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். பில்லில் எத்தனை உருப்படியோ, தட்டில் அத்தனை டேக் விழுந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்த பிறகே பை வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும். டேக் போடுகிற இடத்தையும் ஒரே மாதிரி ஆக்கினோம்: சட்டைக்கு இடது உள்தையல், சுடிதாருக்குக் கழுத்துப் பட்டி. தேட வேண்டியதில்லை என்றால் மறக்கவும் மாட்டார்கள். கழற்றிய பின்களுக்கு மூடியுள்ள டப்பா வைத்தோம், குழந்தைகள் காலில் குத்தக்கூடாது என்று.

இன்னொன்றும் மாற்றினேன். வயசானவர்கள் உட்காரட்டும் என்று நாற்காலியை கேட்டை ஒட்டிப் போட்டிருந்தோம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த கேட்டைச் சாதாரண நடையில் கடந்து போகலாம். பக்கத்தில் நின்று தாமதிப்பதும் சாய்வதும் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை. அது தெரிந்த அன்றே நாற்காலியை உள்ளே தள்ளிப் போட்டோம். இன்று எனக்கே பேஸ்மேக்கர் இருக்கிறது. எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் நிற்காமல் நேரே உள்ளே போய்விடுகிறேன்.

கருவியைச் சீர்செய்தது சுலபம். மனிதரைத்தான் திருத்த நாளாயிற்று. காவல் பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “தம்பி, கேட் கத்தினா திருடன்னு அர்த்தமில்ல. நம்ம கவுண்டர்ல ஏதோ மறந்துட்டாங்கன்னு அர்த்தம். அப்படி நினைச்சுக்கிட்டே பக்கத்துல போ.” கை நீட்டக்கூடாது, பையைத் தொடக்கூடாது, குரல் உயரக்கூடாது. “மேடம், டேக் எடுக்க மறந்துட்டோம்போல, ஒரு நிமிஷம் கவுண்டருக்கு வரீங்களா” என்ற ஒரு வாக்கியத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் மனப்பாடம் செய்ய வைத்தேன்.

சட்டமும் இதற்குத் துணை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, தன் கண்ணெதிரே நடந்த, ஜாமீனில் விடமுடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்துக்குத் தனிமனிதர் ஒருவரைப் பிடிக்கலாம். தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கேட் கத்தியது என்பது கண்ணால் கண்டது ஆகாது. நியாயமில்லாமல் வழிமறித்தாலோ அறையில் அடைத்தாலோ குற்றவாளிக் கூண்டில் கடைக்காரரே நிற்க நேரிடும். திருடியவர் விஷயத்திலும் சட்டம் முன்பைவிடக் கனிந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் தடவை தண்டனை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் அதற்குச் சமூகசேவைதான் தண்டனை. சட்டமே இவ்வளவு யோசிக்கும்போது, பணம் கட்டியவரிடம் நாம் காட்டும் முரட்டுத்தனத்துக்கு என்ன பெயர்?

அந்த அம்மா விட்டுப்போன பணத்தை ஒரு கவரில் போட்டுக் கல்லாவில் வைத்தோம். தேதியும் “நஞ்சன்கூடு அம்மா” என்றும் மேலே எழுதினேன். நான் ஓய்வு பெறும் வரை அதை வாங்க யாரும் வரவில்லை.

கடை வைத்திருப்பவர்களே, நாளைக் காலை ஷட்டரைத் தூக்கியதும் ஒரு டேக்கைக் கையில் எடுத்து உங்கள் கேட்டை நீங்களே ஒரு தடவை கடந்து பாருங்கள். பிறகு வாசலில் நிற்கும் பையனை அழைத்து, அது கத்தினால் முதலில் என்ன சொல்லுவாய் என்று கேளுங்கள்.