கடலைப் பிரிந்த துறைமுகம்

1602 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கடலில் ஓர் அந்நியக் கப்பல் நங்கூரமிட்டது. அதன் தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்பார். கரையிறங்கிய அவர் மலைவழியே கண்டிக்குச் சென்று, விமலதர்மசூரிய மன்னனைக் கண்டு நட்புறவு பேசினார். பின்னர் 1638 இல் மட்டக்களப்பும், 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்ட வரலாற்றை நம் மாணவர் நன்கறிவர். ஆயின், ஸ்பில்பேர்கன் எந்த ஊரிலிருந்து பாய்விரித்துப் புறப்பட்டார் என வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலராகவே இருப்பர். அவ்வூரின் பெயர் வேரே.

ஒல்லாந்து தேசத்தின் தென்மேற்கு மூலையில் சீலாந்து என்னும் மாகாணம் உளது. கடல் நாடு என்பதே அப்பெயரின் பொருள். நியூசிலாந்து பெயர் பெற்றதும் இதனாலேயாம். அம்மாகாணத்தில், முன்னாளில் தீவாயிருந்த வால்கெரென் நிலத்தின் வடகிழக்குக் கரையிலே வேரே அமைந்துள்ளது. மாகாணத் தலைநகராகிய மிடல்பேர்க்கிலிருந்து சுமார் ஏழு கிலோமீற்றர் தூரம். சைக்கிளிற் செல்வோர்க்கு மிகவும் இனிய வழி. மேடு பள்ளமற்ற வயல்வெளி, ஒரு பக்கம் நேராக ஓடும் கால்வாய், எங்கும் கடற்காற்று. நம் நாட்டில் ஊரைக் காணுமுன் கோபுரத்தைக் காண்பது போல, இங்கும் முதலில் தெரிவது தேவாலயமே.

அருகணைந்ததும் அதன் பருமை நம்மைத் திகைக்க வைக்கின்றது. இத்துணைச் சிறிய ஊருக்கு இத்துணைப் பெரிய ஆலயமா என்ற வினா எழாமற் போகாது. பதினைந்தாம் நூற்றாண்டிலே, வேரே செல்வத்திற் செழித்து, மேலும் வளரும் என்ற நம்பிக்கையோடு கட்டத் தொடங்கியது இது. 1686 இல் தீக்கிரையானது. 1809 இல் ஆங்கிலப் படை வால்கெரெனில் இறங்கியபோது பீரங்கிக் குண்டுகளும் பாய்ந்தன. அப்படையிற் போரில் மாண்டோர் நூற்றுச் சொச்சம் பேரே. சதுப்பு நிலக் காய்ச்சலில் மாண்டோரோ ஏறத்தாழ நாலாயிரவர். பின்வந்த நெப்போலியனின் பிரெஞ்சுப் படையினர், ஆலயத்தின் உயர்ந்த சாளரங்களைச் செங்கல்லால் அடைத்து, உள்ளே தளங்கள் அமைத்து, அதனை இராணுவ வைத்தியசாலையாக்கினர். அடைத்த சாளரங்களின் வடு இன்றும் காணத்தக்கது.

ஆலயத்தின் அயலிலே எண்கோண வடிவில் ஓர் அழகிய கல்மண்டபம் நிற்கின்றது. 1551 இல் அமைத்த நீர்த்தொட்டி அது. உப்புக் கடல் சூழ்ந்த ஊரில் நன்னீருக்கு எங்கே போவது? ஆலயத்தின் அகன்ற கூரையில் விழும் மழைநீரை நிலத்தடியிலுள்ள தொட்டியிற் சேர்த்துப் பயன்படுத்தினர். நன்னீர்க் கிணற்றின் அருமையறிந்த நம் தீவுப்பகுதி மக்கள் இதனைக் கண்டால், ஒருகணம் நின்று பார்த்துவிட்டே அப்பாற் செல்வர்.

இத்தொட்டி ஸ்கொத்லாந்து வணிகருக்கென அமைக்கப்பட்டது. 1541 ஆம் ஆண்டு முதல், ஸ்கொத்லாந்திலிருந்து இப்பகுதிகளுக்கு வரும் கம்பளி, தோல் முதலிய சரக்குகளை இறக்கும் துறையாக வேரே விளங்கியது. அவ்வணிகர் தமக்கெனத் தனி ஆலயமும், தம் நாட்டுச் சட்டப்படி வழக்குத் தீர்க்கும் உரிமையும் பெற்று இங்கு வாழ்ந்தனர். 1799 வரை இவ்வுரிமை நிலைத்தது. துறையோரமாக அவர்கள் வாழ்ந்த வீடுகளுள் இரண்டு இன்று நூதனசாலையாக உள்ளன. ஒன்றின் பெயர் ‘ஆட்டுக்குட்டி’, மற்றொன்று ‘தீக்கோழி’. ஸ்பில்பேர்கன் நடத்திச் சென்ற மூன்று கப்பல்களின் பெயர்களும் செம்மறி, கடா, ஆட்டுக்குட்டி என்பன. பல்தசார் டி மூஷெரோன் என்னும் பெருவணிகர் அனுப்பிய அக்கப்பல்கள் 1601 மே 5 இல் இத்துறையினின்று நீங்கின. மட்டக்களப்பை அடைய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

அங்காடித் தெருவிலே நகர மண்டபம் உளது. 1474 இற் கட்டத் தொடங்கிய இதன் முகப்பில், வேரேயை ஆண்ட பிரபுக்களும் அவர்தம் தேவியருமாக ஏழு சிலைகள் நிற்கின்றன. இவை பிரதிகளே, காற்றிலும் மழையிலும் தேய்ந்த மூலச் சிலைகளை நூதனசாலையிற் பேணி வைத்துள்ளனர். மண்டபக் கோபுரத்தின் மணிக்கோவை எழுப்பும் இன்னிசை ஊர் முழுதும் கேட்கும்.

துறைமுக வாயிலிலே பழைய மதிலின் எச்சமாகக் கம்ப்வேரே கோபுரம் உளது. நெடுங்காலமாகவே வழிப்போக்கர் தங்கும் விடுதி அது. வேரே என்ற சொல்லுக்கே ஓடத்துறை என்று பொருள். எதிர்க்கரையிலிருந்த கம்பென் என்னும் ஊருக்கு இங்கிருந்து ஓடம் சென்றதனாற் கம்ப்வேரே எனவும் வழங்கினர்.

இக்கோபுரத்தின் கீழ் நின்று நீரை நோக்குவோர்க்கு ஓர் ஐயம் தோன்றும். அலை எங்கே? வற்றும் பெருக்கும் எங்கே? உல்லாசப் படகுகள் நூற்றுக்கணக்கில் மிதக்கின்றன. மீன்பிடிக் கலங்களின் சந்தடியைக் காணோம்.

1953 பெப்ரவரி முதலாந் திகதி அதிகாலையில், பெரும் புயலோடு கடல் அணைகளை உடைத்து உட்புகுந்தது. ஒல்லாந்தில் 1836 பேர் மாண்டனர். சீலாந்தே மிகுதியும் அழிந்தது. இனி இவ்வாறு நேரலாகாது என உறுதிபூண்ட அரசினர், கடல்வாய்களை அணையிட்டு மூடத் துணிந்தனர். வேரேயின் கிழக்கே 1960 இலும், மேற்கே 1961 இலும் அணைகள் எழுந்தன. இடைப்பட்ட நீர் ஏரியாயிற்று. ஊர் காப்பாற்றப்பட்டது, ஆனால் மீனவர் கடலை இழந்தனர். அவர்தம் கலங்கள் வேறு வழியின்றிக் கொலைன்ஸ்பிளாற் என்னும் துறைக்குப் பெயர்ந்தன. பரம்பரை பரம்பரையாய் வலைவீசிய குடும்பங்களுக்கு அந்நாள் எத்தகைய நாளாயிருந்திருக்கும் என்பதைக் கரையோர ஊர்களிற் பிறந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. ஓட்டமற்ற நீர் நாளடைவிற் கெட்டது, பாசி மிகுந்தது. எனவே 2004 இல் கிழக்கணையில் ஒரு மதகு அமைத்துக் கடல்நீர் உள்ளும் புறமும் சென்றுவர வழிசெய்தனர். அதற்கு முன்னரே, அயலிலுள்ள கிழக்கு ஸ்கெல்டு வாயையும் முற்றாக மூட முயன்றபோது மீனவரும் இயற்கைப் பற்றாளரும் எதிர்த்து நின்றனர். அதனால் 1986 இல் அங்கு நிறைவுற்ற அணையில் கதவுகள் வைத்தனர். சாதாரண நாளிற் கடல் வந்து போகும். புயல் நாளில் மட்டும் கதவுகள் மூடும். கடலை அஞ்சிய மக்கள், அதனோடு அளவறிந்து வாழவும் கற்றுக்கொண்டனர்.

வேரேயைச் சுற்றிப் பார்க்க ஒருநாட் பொழுது போதும். மாலையில், உல்லாசப் பயணிகள் திரும்பிய பின்னர், துறையோரக் கல்லில் அமர்ந்திருத்தல் நன்று. மணிக்கோவை ஒலித்து அடங்கும். நீர் கல்லை மெல்லத் தொட்டு மீளும். நம் கரைக்கு வந்த கப்பல் புறப்பட்ட துறை இது. இன்று இங்கிருந்து நேரே கடலுக்குச் செல்லுதல் இயலாது. எனினும், மதகின் வழியே கடல் நாள்தோறும் சிறிது உள்ளே வந்து, ஊரை நலம் விசாரித்துச் செல்கின்றது.