சேற்றுமலையில் ஒரு நாள்

நுழையும்முன்

மலையேற்றம் என்றதும் செங்குத்துப் பாறைகளும் பனிச்சிகரங்களும் நினைவுக்கு வருகின்றன. காலடி மண்ணே தடையாக அமையும் மலைகளும் உண்டு. அத்தகைய மலையொன்றில் தனியே நடந்த ஒருவரின் ஒருநாள் பயணத்தை இப்பாடம் விவரிக்கிறது.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து 408 மீட்டர் உயரத்தில் கொரௌர் என்னும் சிறு தொடர்வண்டி நிலையம் உள்ளது. பொதுச்சாலை எதுவும் அதனைச் சென்றடைவதில்லை. நாள்தோறும் சில வண்டிகளே அங்கு நிற்கும். கோடைக்கால நண்பகல் ஒன்றில், கிளாஸ்கோவிலிருந்து வந்த வண்டியிலிருந்து ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் மட்டும் அங்கே இறங்கினார்.

எதிரே லேம் உல்யம் மலை நின்றது. கேலிக் மொழியில் 'வில்லியமின் தாவல்' என்பது அப்பெயரின் பொருள். அந்நாட்டில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891இல் ஹியூ மன்றோ என்பவர் பட்டியலிட்டார். இன்று அப்பட்டியலில் 282 மலைகள் உள்ளன. 909 மீட்டர் உயரமுள்ள இம்மலை, ஏறத்தாழ 18 அடி குறைவதால் அதில் இடம்பெறவில்லை.

புறப்படுமுன் அவர் கணக்கிட்டிருந்தார். ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணிநேரம். அறுநூறு மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணிநேரம். 1892இல் நெய்ஸ்மித் என்னும் மலையேறி வகுத்த விதி அது. அதன்படி இரண்டு மணிநேரத்திற்குள் உச்சியை எட்டிவிடலாம். ஆனால், அவ்விதி சேற்றைக் கணக்கில் கொள்ளவில்லை.

தொலைவில் மென்கம்பளம்போல் தோன்றிய நிலம் அருகில் நீரூறும் பஞ்சாயிருந்தது. பழுப்பு நிறப் புதர்கள் ஓரளவு பாரம் தாங்கின. கண்ணைக் கவரும் இளம்பச்சைத் திட்டுகளோ காலை உள்வாங்கின. அவை ஸ்பேக்னம் என்னும் பாசி படர்ந்த இடங்கள். தன் உலர் எடையைப்போல் பன்மடங்கு நீரைத் தேக்கும் பாசி அது. அதனிடையே பூச்சியுண்ணும் டிரோசீரா செடிகள் செந்நிறத்தில் மின்னின.

கோலால் ஊன்றிப் பார்த்தே அவர் நடந்தார். எனினும் ஓரிடத்தில் வலக்கால் முழங்கால்வரை புதைந்தது. பதறி இழுக்க, சேறு மேலும் இறுகியது. பின்னோக்கிச் சாய்ந்தமர்ந்து, உடலின் பாரத்தைப் பரப்பி, காலை மெல்ல அசைத்து மீட்டார். நீர் நிறைந்த மண்ணில் தாவரங்கள் முழுதும் மக்குவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் படிந்து கருஞ்சேறாகின்றன. முழங்காலளவு புதைந்த அக்கால், சில நூற்றாண்டுகளைத் தொட்டு மீண்டிருந்தது!

மூன்று மணிக்குமேல் ஏறுவதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட வரையறை. மூன்று மணியானபோது உச்சிக்கு இன்னும் நூறு மீட்டர் ஏற்றம் இருந்தது. மூடுபனி இறங்கி முகட்டை மறைத்தது. அரைமணி நேரம் போதும் என்றது மனம்.

வீட்டிலிருந்த தங்கையிடம் செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் அவர் எழுதிக் கொடுத்திருந்தார். குறித்த நேரத்தில் செய்தி வராவிடில் தங்கை காவல்துறைக்குத் தெரிவிப்பாள். மலைமீட்புத் தொண்டர்கள் தம் பணியை விட்டு, இருளில் இச்சேற்றில் இறங்குவர். தனியே நடப்பவரின் பிழைக்கும் அவர் மட்டுமே விலைகொடுப்பதில்லை. திசைகாட்டியைப் பார்த்து, வந்தவழியே அவர் இறங்கத் தொடங்கினார்.

மாலை வண்டி ரானக் சதுப்பைக் கடந்தது. 1894இல் திறக்கப்பட்ட அவ்விருப்புப்பாதை, சேற்றின்மேல் சுள்ளிக்கட்டுகளையும் மண்ணையும் சாம்பலையும் பரப்பி அமைக்கப்பட்டது. சேற்றை வெல்ல முடியாதென்று உணர்ந்தவர்கள் அதன்மேல் மிதக்கக் கற்றனர். அவர் சாளரத்தின் வழியே அந்நிலத்தை நோக்கியிருந்தார். கைப்பேசியில் தொடர்பு கிடைத்ததும் முதலில் தங்கையை அழைத்தார்.

"உச்சியை அடைந்தாயா அக்கா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லை, வண்டியில் வந்துகொண்டிருக்கிறேன்" என்றார் அவர்.